உதறப்பட்ட இணையும் இரண்டாம் வாய்ப்பும்: ஒமேகாவேர்ஸ் காதல் கதைகளுக்கு ஓர் அறிமுகம்

ஒமேகாவேர்ஸ் வகைக் காதல் கதை ஒன்றை முதன்முறையாகத் திறக்கும் வாசகர் பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்திலேயே தடுமாறிப் போகிறார். அல்பா, ஒமேகா என்ற சொற்கள் எந்த விளக்கமும் இல்லாமல் வந்து விழுகின்றன. ஒருவன் ஒருத்தியின் வாசனையை வைத்தே அவள்தான் தன் இணை என்று அறிந்துகொள்கிறான். சில பக்கங்கள் தாண்டியதும் அதே ஆள் ஊர் கூடிய சபையில் அவளை வேண்டாம் என்று உதறுகிறான். அவளுடைய அப்பாவும் அக்காவும் அவன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இவ்வகைக் கதைகளைக் கைத்தொலைபேசியில் விடிய விடியப் படிக்கும் இளையவர்கள் பலரை நான் அறிவேன். அவர்கள் என்னதான் படிக்கிறார்கள் என்று விளங்காமல் கவலைப்படும் தாய்மாரையும் அறிவேன். இருவருக்கும் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன். இது வயதுவந்தோருக்கான இலக்கியவகை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த உலகத்தின் அடிப்படை விதி எளிமையானது. ஆண், பெண் என்ற பிரிவுக்கு மேலாக ஒவ்வொரு மனிதருக்கும் இன்னுமொரு உடற்பிரிவு உண்டு. அல்பா என்பவர் உடல் வலிமையும் அதிகாரமும் உள்ளவராகப் பிறக்கிறார். ஒமேகா என்பவர் கருவுறும் ஆற்றல் உள்ளவராகப் பிறக்கிறார். பீற்றா என்பவர் நம்மைப் போன்ற சாதாரண உடல் உள்ளவர். அல்பா ஒரு பெண்ணாகவும் இருக்கலாம், ஒமேகா ஓர் ஆணாகவும் இருக்கலாம். ஆகையால் ஆண் கருவுறும் கதைகள் இவ்வகையில் சாதாரணம். ஒமேகாவுக்குக் குறித்த இடைவெளிகளில் ஹீட் எனப்படும் உடற்பருவம் வரும். அதைத் தணித்துவைக்க மாத்திரைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாசனை இருக்கும். ஒருவருடைய கோபமும் பயமும் ஆசையும் அந்த வாசனையில் கலந்து வெளியே தெரிந்துவிடும் என்பதால் இந்த உலகத்தில் மனத்தை மறைப்பது கடினம். கழுத்தில் பதியும் ஒரு கடித்தழும்பு இருவரையும் வாழ்நாள் முழுவதும் பிணைக்கும்.

புதியவரை அதிகம் குழப்புவது ஒமேகா என்ற பெயர்தான். அது இரண்டு வகைக் கதைகளில் இரண்டு பொருளில் வழங்குகிறது. மேலே சொன்ன உடற்பிரிவு ஒன்று. மனிதர் ஓநாயாக உருமாறும் கதைகளில் வருவது மற்றது: அங்கே ஒமேகா என்பவர் கூட்டத்தின் அடிமட்டத்தில் இருப்பவர், எச்சில் பாத்திரம் கழுவுபவர், அடி வாங்குபவர். அக்கதைகளில் அல்பா என்பது கூட்டத்தலைவரின் பதவி, அவருடைய மனைவி லூனா, இணையைத் தீர்மானித்துக் கொடுப்பவள் நிலாத் தேவதை. இன்று இந்த இரண்டு மரபும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எனவே ஒரு கதையைத் தொடங்கும்போது ஒமேகா என்பது அங்கே உடலா, தரமா, இரண்டுமா என்று பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இவ்வகை தோன்றி அதிக காலம் ஆகவில்லை. 2010 அளவில் சூப்பர்நேச்சுரல் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், அத்தொடரின் நடிகர்களை வைத்து லைவ்ஜேர்னல் தளத்தில் எழுதிய ரசிகர் புனைகதைகளில் இது உருவெடுத்தது. பிறகு மற்றத் தொடர்களின் ரசிகர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2009 இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஆர்கைவ் ஒஃப் அவர் ஓன் என்ற இலவசக் களஞ்சியத்தில் அது பல்கிப் பெருகியது. அக்களஞ்சியம் 2019இல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருதைப் பெற்றது. மங்கா எனப்படும் யப்பானியச் சித்திரக்கதைகளின் ஓவியர்கள் 2010களின் நடுப்பகுதியில் இதைத் தமதாக்கிக்கொண்டு, கடியைத் தடுக்கும் கழுத்துப் பட்டியும் விதி சேர்த்த சோடி என்ற எண்ணமும் போன்றவற்றுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். கொரிய இணையச் சித்திரக்கதைகளும் சீன இணைய நாவல்களும் அதே வழியில் வந்தன. இன்று அத்தியாயத்துக்கு இவ்வளவு நாணயம் என்று அறவிடும் கைத்தொலைபேசிச் செயலிகளில் அதிகம் ஓடுவது ஓநாய்க் கூட்டமும் உதறப்பட்ட இணையும் கலந்த கதைகள்.

அல்பா ஓநாய் என்ற எண்ணமே அறிவியலில் கைவிடப்பட்ட ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1947இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச்சாலையில் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை முதலிடத்துக்காகச் சண்டையிடுகின்றன என்று எழுதினார். டேவிட் மெக் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1970இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஆனால் அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தபின், 1999இல் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தினார்: காட்டில் ஓர் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள், அங்கே தலைமை என்பது பெற்றோராக இருப்பதுதான். இலங்கைக் காடுகளில் ஓநாயே இல்லை, நரிதான் உண்டு. ஆகவே நமக்கு இந்த விலங்கு முழுக்க முழுக்கக் கதைவழி வந்தது. எனினும் மெக்கின் திருத்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டம் என்பது குடும்பம்தான் என்றால், கூட்டத்திலிருந்து ஒருத்தியைத் துரத்துவது என்பது பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துவதே. உதறப்பட்ட இணைக் கதைகள் உணர்வால் தொட்டு நிற்பது அந்த இடத்தைத்தான்.

விதி சேர்த்த இணை என்ற எண்ணம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. தொல்காப்பியக் களவியல், தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் காண்பதே 'ஒன்றி உயர்ந்த பாலது ஆணையின்' நடக்கிறது என்கிறது. ஊழ் கூட்டிவைக்கிறது, அதனால் காண்கிறார்கள். ஒமேகாவேர்ஸ் செய்திருப்பது அந்த ஊழை உடம்புக்குள் இறக்கியதுதான். கறுவாப்பட்டையும் மழை பட்ட மண்ணும் கலந்த ஒரு வாசனை கூட்டத்துக்கு நடுவே மூக்கில் படுகிறது, கால் தானாக நிற்கிறது, நெஞ்சு அமைதியாகிறது. சாதகமும் தரகரும் சீதனப் பேச்சும் இல்லாமல், பொய் சொல்லத் தெரியாத ஓர் உறுப்பு பொருத்தம் பார்த்துவிடுகிறது. பொருத்தம் பார்ப்பதை மற்றவர்களே செய்துமுடிக்கும் சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதிலுள்ள ஈர்ப்பை நான் விளக்கத் தேவையில்லை.

உதறல் என்பது என்ன

இவ்வளவு உறுதியாகக் கூட்டிவைக்கப்பட்ட ஒன்றை ஒருவர் மறுக்கும்போதுதான் நாம் பேசவந்த கதை பிறக்கிறது. பெரும்பாலான கதைகளில் அதற்கென்று ஒரு வாசகம் இருக்கிறது: இன்ன கூட்டத்தைச் சேர்ந்த இன்னார் ஆகிய நான், இன்னார் ஆகிய உன்னை என் இணையாக ஏற்க மறுக்கிறேன். முழுப்பெயரும் கூட்டத்தின் பெயரும் அதில் வர வேண்டும். மறுக்கப்பட்டவர், அந்த மறுப்பை ஏற்கிறேன் என்று திருப்பிச் சொன்னால்தான் பிணைப்பு முழுதாக அறும். சொல்லாதவரை அது பாதி அறுந்த நிலையில் இருவரையும் வதைத்துக்கொண்டிருக்கும். காய்ச்சல் வரும், உணவு இறங்காது, உள்ளிருக்கும் ஓநாய் பேசாமல் போகும்.

நிலாத் தேவதையை நம்பாத ஒருவருக்கு இந்த வாசகத்தின் கனம் விளங்காமல் போகலாம். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் ஒன்றைச் சொன்னால் விளங்கும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் விசா அலுவலுக்காக முதலில் எழுத்தை, அதாவது பதிவுத் திருமணத்தை, முடித்துவிடுவார்கள். தாலி கட்டும் கலியாணம் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துத்தான். அந்த இடைக்காலத்தில் அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது, மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையாம். பெண் அவனோடு ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. ஆனால் சட்டப்படி அவள் மனைவி. மாவட்ட நீதிமன்றம் போய் விவாகரத்து எடுத்தால்தான் அவளுக்கு விடுதலை. எடுத்த பிறகு வரும் ஒவ்வொரு சம்பந்தப் பேச்சிலும், "எழுத்து முடிஞ்சு குழம்பின பிள்ளை" என்ற சொல் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். வாழாத ஒரு வாழ்க்கையின் தழும்பை அவள் சுமக்கிறாள். உதறப்பட்ட இணை என்ற பாத்திரம் இந்த இடத்தில்தான் நிற்கிறாள்: எல்லோருக்கும் தெரியக் கட்டப்பட்டு, எல்லோருக்கும் தெரிய அறுக்கப்பட்டவள்.

அதனால்தான் இக்கதைகளில் உதறல் பெரும்பாலும் தனியறையில் நடப்பதில்லை. சபை வேண்டும், சாட்சிகள் வேண்டும். தேர்ந்த எழுத்தாளர் அக்காட்சியில் உதறுபவனின் முகத்தை அதிகம் காட்டமாட்டார்; சுற்றி நிற்பவர்களைக் காட்டுவார். யார் கீழே பார்த்தார்கள், யார் பெருமூச்சு விட்டார்கள், தாம்பாளத்தில் இருந்த மாலையை யார் சத்தமில்லாமல் எடுத்து இன்னொருத்தியிடம் கொடுத்தார்கள். வாசகர் கவனிக்க வேண்டியது அந்தக் கைகளை.

குடும்பம் ஏன் வருகிறது

காதலன் ஒருவன் மட்டும் கைவிட்டால் அது சோகக் கதை. அழுதுவிட்டு அம்மாவின் மடிக்குப் போகலாம். குடும்பத் துரோகம் சேரும்போது அந்த மடியும் இல்லாமல் போகிறது. அதுதான் இவ்வகையின் உண்மையான காயம் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான வடிவங்கள் சில உண்டு. தங்கையோ மாற்றாந்தாயின் மகளோ இணையின் இடத்தைப் பிடித்துக்கொள்வாள். தகப்பன் கூட்டத்தின் நன்மை என்ற பெயரில் ஒரு மகளை மற்றவளுக்காக விட்டுக்கொடுப்பார். தமையன் அவள்மீது விழுந்த பொய்ப் பழியை உண்மை தெரிந்தும் மறுக்காமல் இருப்பான். இவற்றில் எதுவாயினும், ஒமேகாவேர்ஸின் உடற்கூற்று விதிகளோடு துரோகம் பின்னிப் பிணையும்போதுதான் கதை வலுப்பெறும். இல்லையேல் சாதாரணக் குடும்பத் தொடருக்கு ஓநாய்த் தோல் போர்த்தியதாகவே அது நின்றுவிடும்.

எப்படிப் பிணையும் என்று காட்ட, நம்மூரிலேயே நடக்கக்கூடிய கதை ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம். இரண்டு பெண்கள்: மூத்தவள் மதுரா பீற்றா, இளையவள் ஆரணி ஒமேகா, வயது இருபத்துநான்கு. கடை கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. கடன் கொடுத்த குடும்பத்தின் அல்பா மகன் நிரோஷன், பம்பலப்பிட்டிக் கோவில் திருவிழாவில் ஒரு வாசனையைக் கண்டுகொள்கிறான். நெரிசலில் ஆளைச் சரியாகக் காணவில்லை, இந்தக் குடும்பத்துப் பெண் என்பது மட்டும் தெரியும். பெண் கேட்டு வருகிறார்கள். தகப்பனுக்கு ஒரு சிக்கல்: கடையின் கணக்குவழக்கில் தாம் செய்த பிழைகள் ஆரணிக்குத் தெரியும், அவளை அந்த வீட்டுக்கு அனுப்ப அவருக்குப் பயம். மதுராவோ சொன்னபடி கேட்பவள்.

அடுத்த மூன்று வாரங்கள் காலைத் தேநீரோடு அம்மா ஆரணிக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறாள். "இரத்தம் காணாதெண்டு டொக்டர் சொன்னவர், குடி பிள்ளை." அது இரத்தத்துக்கான மாத்திரை அல்ல, வாசனையை அடக்கும் மாத்திரை. ஆரணி இரவில் போர்த்திக்கொள்ளும் பருத்திச் சால்வை, தோய்க்கப் போட்ட கூடையிலிருந்து காணாமற் போகிறது. பெண் பார்க்கும் நாளில் அந்தச் சால்வை மதுராவின் தோளில் கிடக்கிறது. தேடிவந்த வாசனை நிரோஷனுக்கு அவளிடமிருந்தே வருகிறது. ஆரணி முன்னே வந்து, நீங்கள் தேடியது என்னைத்தான் என்று சொல்லும்போது அவளிடத்தில் எந்த வாசனையும் இல்லை. அக்காவின் வாழ்வில் மண் போடப் பார்க்கிறாள் என்று தகப்பன் சபையில் சொல்கிறார். நிரோஷன் அந்த வாசகத்தை முழுப்பெயரோடு சொல்லி அவளை மறுக்கிறான். அவன் சொல்லி முடித்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது. அவன் அதை அன்றைக்கு வேறு ஏதோ என்று எண்ணிக்கொள்கிறான்.

இந்த எடுத்துக்காட்டில் துரோகம் செய்யப் பயன்பட்டவை மாத்திரையும் சால்வையும் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் அந்த உலகத்தின் விதிகளிலிருந்து எடுத்தவை. அதைவிட முக்கியம், இரண்டும் அன்பின் பொருள்கள்: தாய் கையால் கொடுக்கும் மருந்து, தமக்கை எடுத்து உடுத்தும் துணி. பொய் சொல்லத் தெரியாத உடம்பையே பொய் சொல்ல வைத்தவர்கள், அந்த உடம்பைச் சோறு ஊட்டி வளர்த்தவர்கள். நிரோஷன் செய்ததை ஆரணி ஒருநாள் மறந்தாலும் அந்தத் தேநீரை மறக்கமாட்டாள்.

இரண்டாம் வாய்ப்பு

இரண்டாம் வாய்ப்பு என்ற குறிப்போடு வரும் கதைகள் இரு வகைப்படும். தெரியாமல் எடுத்தால் ஏமாற்றம் வரும். முதல் வகையில், உதறியவனே உண்மை அறிந்து திரும்பி வருவான். இரண்டாம் வகையில், நிலாத் தேவதை அவளுக்கு வேறொரு இணையைக் கொடுப்பாள். வாய்ப்பு அவளுக்குத்தான், உதறியவனுக்கு அல்ல. இரண்டாம் வகை படிக்க ஆறுதலாக இருக்கும். புதிய இணை பெரும்பாலும் இன்னும் பெரிய கூட்டத்தின் தலைவனாக இருப்பான், பழையவன் வயிறெரிவான், கதை இனிதே முடியும். அதைக் குறைசொல்லவில்லை, களைத்த மனத்துக்கு அது தேவை. ஆனால் கடினமான கேள்விகள் முதல் வகையில்தான் இருக்கின்றன.

இத்தகைய கதை ஒன்றைப் படித்துவிட்டு என் பெறாமகள் ஒரு பின்னேரம் என்னிடம் கேட்டாள்: "சித்தி, அவனையும் ஏமாத்தித்தானே போட்டினம். பிறகு அவனில என்ன பிழை? ஏன் அவள் உடன ஓமெண்டு சொல்லேல்லை?"

"ஏமாத்தினது சரி. அவளிட்டத் தனியக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டவனோ பிள்ளை?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லை" என்றாள்.

இவ்வகையின் மையமே அந்த 'இல்லை'தான். எதிரிகள் ஏமாற்றினார்கள் என்பதை வைத்துக் காதலனை முற்றாகக் கழுவிவிடும் கதைகள் ஏராளம். அவற்றை நான் பலவீனமான கதைகள் என்றே கருதுகிறேன். ஏமாற்றப்பட்டது அவனுக்குப் பாதி மன்னிப்பைத்தான் தரும். மற்றப் பாதி, கேட்காமல் நம்பிய குற்றம். அதை அவனே தீர்க்க வேண்டும். ஆங்கில வாசகர்கள் குரோவலிங் என்று அழைக்கும் அந்த இறைஞ்சும் பகுதி வெறும் அழுகையாகவும் பூச்செண்டாகவும் இருந்தால் போதாது. சபையில் உதறியவன் சபையிலேயே திரும்பப் பெற வேண்டும். அவளை உதறியதால் கிடைத்த இலாபம் எதுவோ அதை அவன் இழக்க வேண்டும். நம் கதையில் என்றால், கடன் கணக்கை வெளியே எடுத்து, தன் குடும்பமும் அதில் என்ன பங்கு வகித்தது என்று ஊரறியச் சொல்ல வேண்டும்.

நம் மரபில் இதற்கு நெடிய வழக்கு உண்டு. மருதத்திணைப் பாடல்களில் பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனைத் தோழி வாசலிலேயே மறித்து நிறுத்துவாள். அதற்கு வாயில் மறுத்தல் என்று பெயர். கதவு திறக்கும் முன் அவன் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும் நிறைய இருந்தன. சிலப்பதிகாரத்தில் கோவலன் திரும்பி வந்தபோது கண்ணகி அவனை ஏற்றுக்கொண்டு கூடவே மதுரைக்கும் நடந்தாள் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மதுரைப் புறத்தில் ஆயர் வீட்டில் அவனுக்கு உணவு பரிமாறிய பிறகு, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று அவள் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். தகாததைச் செய்தீர் என்று ஒரே ஒரு முறை, குரல் உயர்த்தாமல். எவ்வளவு பெரிய அன்பிருந்தாலும் அந்த ஒரு வரி சொல்லப்பட்டே ஆக வேண்டும். இரண்டாம் வாய்ப்புக் கதை எதைப் படித்தாலும் உதறப்பட்டவள் தன் 'போற்றா ஒழுக்கம்' வரியை எங்கே சொல்கிறாள் என்று நான் தேடுவேன். அது இல்லாத கதையில் நடந்தது சமாதானம் ஆகாது, அவளை வாயடைக்கச் செய்ததாகவே ஆகும்.

ஒமேகாவேர்ஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிணைப்பு உடம்பில் இருப்பதால், அவள் மனம் ஒப்பாதபோதும் உடம்பு அவனை நாடும்; ஹீட் பருவத்தில் அவன் வந்து நின்றால் அவளால் மறுக்க முடியாது என்று எழுதிவிட்டு, அதையே மன்னிப்பாகக் காட்டும் கதைகள் இருக்கின்றன. அது மன்னிப்பு அல்ல, அது சம்மதமும் அல்ல. நேர்மையான எழுத்தாளர் அந்த வாசலை அடைத்துவிடுவார்: அவன் கதவுக்கு வெளியே நிற்பான், அவளுக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவான், அவள் தெளிவாக இருக்கும் நாளில் வந்து பேசுவான். இந்தப் பிணைப்பு நாளைக்கே மறைந்துபோனால் அவள் அவனோடு இருப்பாளா என்று படிக்கும்போது கேட்டுப் பாருங்கள். ஆம் என்ற விடை கதையிலிருந்து கிடைத்தால் அது காதல் கதை. சில எழுத்தாளர்கள் இக்கேள்வியை நேரடியாகவே கதைக்குள் கொண்டுவருகிறார்கள்: மறுப்பை ஏற்கிறேன் என்ற சொல்லை அவள் சொல்லிவிடுகிறாள், பிணைப்பு முற்றாக அறுகிறது, வாசனை வெறும் வாசனையாகிறது. அதற்குப் பிறகு இருவரும் ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து பழகத் தொடங்குகிறார்கள். இவ்வகையில் எனக்கு அதிகம் பிடித்தது அந்த வடிவந்தான்.

ஆண் ஒமேகா வரும் கதைகளைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது, ஏனெனில் ரசிகர் புனைவில் இவ்வகை பிறந்ததே ஆண்களுக்கிடையிலான காதலில்தான். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை மாற்றக் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அத்தகைய விவாதம் நடக்கும் நாட்டில், வீட்டார் உதறிய ஓர் ஆணின் கதையைப் படிக்கும் இளைஞன் அதை வெறும் கற்பனையாகப் படிக்கமாட்டான். பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

எழுத ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: இந்த விதிகள் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. 2018இல் அமெரிக்காவில் ஓர் எழுத்தாளரின் நாவல்கள் தம் நாவல்களைப் பார்த்து எழுதியவை என்று இன்னோர் எழுத்தாளரும் அவருடைய பதிப்பகமும் முறையிட, விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. அடுத்த ஆண்டில், முறையிட்ட பதிப்பகமே திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. வாசனையும் கடித்தழும்பும் கூட்டமும் எல்லோருக்கும் பொது. ஆகவே கூட்டத்தின் எல்லையைக் கனடாவின் பனிக்காட்டில் போட வேண்டிய கட்டாயம் இல்லை; கொழும்பின் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் போடலாம். உப்புக்காற்று வீசும் தொடர்மாடியில் ஐந்து குடும்பத்துச் சமையல் மணத்துக்கு நடுவே ஒருத்தியின் வாசனையை அடையாளம் காண்பது, திறந்த காட்டில் காண்பதைவிடக் கடினம். கதைக்கு அது நல்லதே.

முடிவைப் பற்றி ஒரு கருத்து. காதலனுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைத்தால் தாய் தகப்பனுக்கும் அதே அத்தியாயத்தில் மன்னிப்புக் கொடுத்து, எல்லோரையும் ஒரே படத்தில் நிறுத்திவைப்பது பல கதைகளின் வழக்கம். நம்மவர்கள் அதை இன்னும் கூடுதலாக விரும்புவோம், பெற்றவர்கள் அல்லவா என்போம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரோஷன் இறைஞ்சினான், இழந்தான், காத்திருந்தான். தகப்பன் அவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. ஆரணி தாயோடு பேசலாம், தமக்கையின் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், ஆனால் அந்த வீட்டில் தேநீர் குடிக்காமல் எழுந்து வரலாம். இந்தக் கணக்குகள் எல்லாம் தனித்தனியாக எழுதப்பட வேண்டியவை. ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றவற்றை அதோடு அடித்துவிட முடியாது.

படிக்கத் தொடங்குபவர், கதையின் முன்பக்கத்தில் இருக்கும் குறிச்சொற்களை முழுதாக வாசித்துவிட்டே உள்ளே போக வேண்டும். வன்முறை, சம்மதமின்மை, கருச்சிதைவு போன்றவை கதையில் இருந்தால் பொறுப்புள்ள எழுத்தாளர்கள் அங்கேயே எழுதியிருப்பார்கள். இரண்டாம் வாய்ப்பு என்று மட்டும் இருந்தால், வருபவன் பழையவனா புதியவனா என்பதைச் சுருக்கத்தில் பாருங்கள். நாணயம் கேட்கும் செயலிகளில் பல கதைகள் நூற்றுக்கணக்கான அத்தியாயங்களுக்கு இழுபடும்; முதல் சில அத்தியாயங்கள் இலவசமாக இருந்து, உதறல் காட்சி முடியும் இடத்தில் பூட்டு விழும். ஆகையால் முடிந்துவிட்ட, நீளம் குறைந்த, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை முதலில் எடுப்பதே நல்லது.